தாமதப் பதிவேடு

ஓய்வுபெற்ற மூன்றாம் நாள்
ஹில்லார் என் சமையலறைக்குள் வந்து நின்றான்,
யாரோ அரைகுறையாக நடத்திவந்த ஸ்டேஷனுக்கு
மாற்றலாகி வந்தவன் மாதிரி.

முப்பத்தெட்டு வருஷம்
தாப்பா சந்திப்பின் கட்டுப்பாட்டு அறையில்
எண்ணெய் டேங்கர்களும் மரக்கட்டை வண்டிகளும்
ஒன்றையொன்று முட்டாமல் பார்த்துக்கொண்டவன்.
இப்போது அவன் பொறுப்பில்
பதினாறு மசாலா டப்பா,
கசிகிற ஒரு குழாய்,
பாதி மட்டும் நம்பத்தக்க வாஷிங் மெஷின்.

டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நாளைக்கு ஒன்று வீதம்
பழைய இடத்துக்கே நகர்த்தினேன்.
பதினாறாம் நாள் சதகுப்பைக்கு
என் கை பார்க்காமலே நீண்டபோது
அவன் என்னைப் பார்த்தான்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

எனக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி,
பள்ளிக்கூடச் சமையல்கட்டில்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை:
6.10 அடுப்புச் சாம்பல் அள்ளுதல்.
6.25 பாதையில் பனி தள்ளுதல், சாம்பல் தூவுதல்.
6.40 மைமு புறப்பாடு.
7.00 காலி.
அந்தக் 'காலி'யை அழித்து
வேறென்னவோ எழுதி
அதையும் அழித்து
மறுபடி 'காலி' என்றே எழுதியிருந்த தடம்
காகிதத்தில் பள்ளமாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டு வைனோ
கோடரிக்குப் பிடி போட்டுத் தரச் சொன்னால்
"பத்தேகாலுக்கு வா" என்கிறான்.
பத்தேகால் வரைக்கும் என்ன வேலை?
ஒன்றுமில்லை.
பத்தேகால் வரவேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் வாஷிங் மெஷினின் அடிவயிற்றைத் திறந்து
கிடைத்ததையெல்லாம் செய்தித்தாளில் வரிசையாக வைத்திருந்தான்:
இரண்டு கொண்டை ஊசி, நீலப் பொத்தான்,
செல்லாமல் போன பழைய ஒரு குரோன் காசு,
கல்லாகிவிட்ட பட்டாணி.
தடம்புரண்ட பெட்டிகளைப்போல்
ஒவ்வொன்றின் மேலும் விசாரணை.
"இந்தப் பட்டாணி எப்படி உள்ளே வந்தது?"
நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"டிக்கெட் இல்லாமல்" என்றேன்.
சிரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.

அவனுக்குத் தெரிந்தது ஒரே சூப்.
மூன்று மணிக்கு அது தயாராக வேண்டும் என்று
இரண்டே முக்காலிலிருந்து கரண்டியோடு
மிரட்டிக்கொண்டு நிற்பான்.
அடிப்பிடித்தாலும் நேரம் தவறாது.

ஜனவரியில் ஒரு வியாழன்,
பள்ளியில் தோல் உரிக்கும் மெஷின் நின்றுபோனது.
நானும் லுயூலேயும் உட்கார்ந்து
இருநூறு பிள்ளைகளின் மறுநாள் உருளைக்கிழங்கைக்
கையாலேயே உரித்தோம்.
போன் கோட்டுப் பையில், கோட்டு ஆணியில்.

நாலு மணிக்கே இருட்டு.
எங்கள் கேட்டில் ஒரு வெள்ளை விளக்கு,
அசையாமல், முழங்காலுக்குக் கீழே இறக்கிப் பிடித்தபடி.
காதுகுல்லாய் போட மறந்திருந்தான்.
"ஐம்பத்தைந்து நிமிஷம்" என்றான்.
"உருளைக்கிழங்கு" என்றேன்.
விளக்கை அணைத்துவிட்டு
என் பையை வாங்கிக்கொண்டான்.

மேஜைமேல் அவன் நோட்டு திறந்தே கிடந்தது.
இத்தனை நாள் அதில் செலவுக் கணக்கு
எழுதுகிறான் என்றே நினைத்திருந்தேன்.
தபால்காரி: 12 நிமிஷம் தாமதம், பனி.
வைனோவின் பூனை: வரவில்லை.
சூரியன்: மேகம், பதிவில்லை.
மைமு: வரவேண்டியது 15.05.
வந்தது என்ற இடத்தில் வெறும் கோடு.
காரணம் என்ற இடத்தில்
பென்சில் முனை ஒடிந்த புள்ளி,
அதன் பக்கத்தில் இன்னொரு புள்ளி.

சீவி எடுத்து நானே நிரப்பினேன்.
16.00. உருளைக்கிழங்கு.
அவன் என் பூட்ஸை அடுப்போரம் கொண்டுபோய்
இரண்டின் மூக்கும் சுவரைப் பார்க்க
நிறுத்திக்கொண்டிருந்தான்.
சூப் ஆறிப் பாறையாகியிருந்தது.
தண்ணீர் ஊற்றிச் சூடாக்கிச் சாப்பிட்டோம்.

இரவு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
மூன்று தடவை ரிப்பேர் செய்த குழாய்.
அவனும் தூங்கவில்லை, தெரியும்;
மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுகிறான்.
"நாலு நொடி" என்றான் இருட்டில்.
"என்ன?"
"சொட்டுக்குச் சொட்டு.
நேற்று மூன்றாக இருந்தது."